முதல் மாத்திரைக்கு முன்னால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: மார்ச் 3, மாலை

விபத்தில் இடுப்பு எலும்பு உடைந்தபோது ஆக்ஸிகோடோன் என்ற வலி மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மாத்திரை என்னை விடவில்லை. இப்போது மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்குகிறேன். ஒரு வேளை தவறினாலும் மூக்கு ஒழுகுகிறது, கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது; இதைத்தான் வித்ட்ராயல் என்கிறார்கள். இந்தப் பழக்கத்திலிருந்து மீள டாக்டர் பியூப்ரினார்ஃபின் என்ற மருந்து எழுதியிருக்கிறார். "வித்ட்ராயல் நன்றாக வந்த பிறகு வாருங்கள், முதல் மாத்திரையை இங்கேயே போடலாம்" என்றார். அந்த "நன்றாக" என்பது எவ்வளவு? சீக்கிரம் போட்டுவிட்டால் உயிர் போகிற மாதிரி ஆகிவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். இன்னொருவர், இதுவும் அதே வகை மருந்துதான், ஒன்றிலிருந்து இன்னொன்றில் மாட்டிக்கொள்வாய் என்கிறார். தொடங்கிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: மார்ச் 3, இரவு

முதல் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் தவிர்க்கக்கூடிய விஷயம்.

பியூப்ரினார்ஃபின் மூளையில் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது அபின் வகை மருந்துகள் (ஓபியாய்டு) ஒட்டிக்கொள்ளும் இடங்களை, மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிகோடோனோ மார்ஃபினோ ஹெராயினோ ஏற்கெனவே அங்கே இருந்தால், அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். பிடித்த பிறகு ஏற்பியை முழு வேகத்தில் தூண்டாது, ஓரளவுதான் தூண்டும். உடம்பில் பழைய மருந்து நிறைந்திருக்கும்போது இதைப் போட்டால், உயரத்திலிருந்து சட்டென்று கீழே இறங்குகிறோம். நாள் முழுக்க மெல்ல ஏற வேண்டிய வித்ட்ராயல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மொத்தமாக வந்துவிடும். அதே மாத்திரையைப் பழைய மருந்து வடிந்த பிறகு போட்டால், கீழே கிடக்கிற நாம் கொஞ்சம் மேலே ஏறுகிறோம். அதுதான் எல்லோரும் சொல்கிற அந்த நிம்மதி.

மணிக்கணக்கு என்றால், உடனே கரைகிற ஆக்ஸிகோடோன், ஹெராயின் போன்றவற்றுக்குப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் சொல்வார்கள். மெதுவாகக் கரைகிற நீண்ட நேர மாத்திரை என்றால் 24 மணிக்குக் குறையக் கூடாது. ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். உடம்பு என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். கிளினிக்கில் ஒரு மதிப்பெண் அட்டை வைத்திருப்பார்கள். நாடித்துடிப்பு, வியர்வை, அமைதியின்மை, கண்மணியின் அளவு, எலும்பு மூட்டு வலி, மூக்கொழுகல், வயிற்றுக் கோளாறு, கை நடுக்கம், கொட்டாவி, பதற்றம், மயிர்க்கூச்சு என்று 11 விஷயம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 5 முதல் 12 வரை லேசானது, 13 முதல் 24 வரை நடுத்தரம். 11, 12ஐத் தொட்ட பிறகே பெரும்பாலும் முதல் மாத்திரை கொடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருக்கிற டாக்டர்களும் உண்டு.

எனக்கும் ஆக்ஸிகோடோன்தான். கடைசி மாத்திரையை முந்தின நாள் சாயங்காலம் போட்டிருந்தேன். விடியும்போதே கொட்டாவி மேல் கொட்டாவி, கண்ணில் நீர், போர்வைக்குள்ளும் குளிர். கிளினிக்கில் போய் உட்கார்ந்த உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நர்ஸ் கண்மணியைப் பார்த்தார், முன்கையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் பொறுங்கள், இப்போதே கொடுத்தால் உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மதியம் வாக்கில் கையில் மயிர் குத்திட்டு நின்றது, வயிறு புரண்டது, கண்மணி விரிந்திருந்தது. 4 மில்லிகிராம் நாக்கின் அடியில் வைத்தார். கரைந்து முடிந்து அரை மணி இருக்கும், முதலில் கால் அடங்கியது, அப்புறம் குளிர் போனது. மயக்கமும் இல்லை, கிறக்கமும் இல்லை. வெறுமனே சரியாக இருந்தேன். அப்படி இருந்தே எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

காத்திருக்கும் நேரத்தைக் கடக்க டாக்டரிடம் துணை மருந்து கேளுங்கள். நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் குளோனிடின், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், வயிற்றுப்போக்குக்கு லோபராமைட், உடம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை. இதெல்லாம் இருக்கிறது, கேட்காமல் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. குளோனிடின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், எனவே சொல்லிய அளவுக்கு மேல் போக வேண்டாம்.

மார்ச் 4, காலை

ஒன்று விட்டுப்போனது. மாத்திரையை விழுங்காதீர்கள். விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியை உடைத்துவிடும், ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். "எனக்கு இந்த மருந்து வேலை செய்யவில்லை" என்று சொன்ன ஒருவர் எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். வாய் காய்ந்திருந்தால் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்து நனைத்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கரையும்வரை பேச வேண்டாம்.

கரைந்த பிறகு தண்ணீரை வாயில் கொப்பளித்து விழுங்குங்கள். பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுங்கள். வாயில் கரைகிற பியூப்ரினார்ஃபின் பற்களைக் கெடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரித்தது. அதற்காக மருந்தை நிறுத்தத் தேவையில்லை என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. எனக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு கடைவாய்ப் பல் தப்பியிருக்கும்.

மார்ச் 4, மதியம்

மாத்திரையில் ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நாலாக்ஸோன் கலந்திருக்கிறது, அதனால்தான் சீக்கிரம் போட்டால் வித்ட்ராயல் வருகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். நாலாக்ஸோன் நாக்கின் அடியில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும், விழுங்கினாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால்தான் அது விழித்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் 4 பங்கு பியூப்ரினார்ஃபினுக்கு 1 பங்கு என்று சேர்த்திருக்கிறார்கள். முதல் நாள் அவதிக்குக் காரணம் பியூப்ரினார்ஃபினின் பிடிதான். நாலாக்ஸோன் சேராத மாத்திரையாகப் பார்த்துச் சீக்கிரம் போட்டாலும் இதேதான் நடக்கும். "நாலாக்ஸோன் இல்லாதது கிடைத்தது, அதனால் காத்திருக்கத் தேவையில்லை" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்படியே வந்துவிட்டால்? கிளினிக்கைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் பியூப்ரினார்ஃபினே கொடுத்து மேலே ஏற்றுவார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அந்த இடைவெளியை நிரப்புவது அதுதான். பழைய மருந்தை எடுத்து அடக்கப் பார்ப்பதுதான் ஆபத்து. ஏற்பியெல்லாம் பிடிபட்டிருப்பதால் ஒன்றும் தெரியாது, தெரியவில்லை என்று மேலும் மேலும் எடுப்பார்கள்.

மார்ச் 5

முதல் குறிப்பில் சொன்ன 12 முதல் 24 மணி நேரத்தை எல்லோருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம். இரண்டு பேர் கேட்டதால் பிரித்துச் சொல்கிறேன்.

மெத்தடோனிலிருந்து (இதே சிகிச்சைக்குக் கொடுக்கும், நீண்ட நேரம் நிற்கும் இன்னொரு ஓபியாய்டு) மாறுகிறவர்கள் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். 24 முதல் 72 மணி நேரம் என்பார்கள். அதற்கு முன்னால் மெத்தடோன் அளவை தினம் 30 மில்லிகிராம் வாக்கில் இறக்கியிருக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. மெத்தடோன் உடம்பைவிட்டுப் போக எடுக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மிகவும் மாறும்.

ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு கலந்த சரக்கு எடுத்தவர்களுக்குக் கணக்கே வேறு. ஒருமுறை எடுத்தால் வேகமாகத் தீர்ந்துவிடுகிற மருந்து அது. ஆனால் கொழுப்பில் கரையும். தொடர்ந்து எடுத்தவர்களின் கொழுப்புத் திசுவில் தங்கி, நாள்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். முழு வித்ட்ராயலில் இருக்கிற மாதிரி தெரிந்தாலும் உள்ளே மிச்சம் இருக்கலாம். தெருவில் வாங்கும் மாத்திரையில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்பதால், தம்பி, நீங்கள் இதையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். மருந்துக் கடை டப்பாவில் வாங்கியதா, உதிரியாக வாங்கியதா என்பது அவருக்கு முக்கியமான தகவல். சிறுநீர்ப் பரிசோதனையில் ஃபென்டனிலுக்குத் தனியாகப் பார்க்கச் சொல்லலாம். சாதாரணப் பரிசோதனையில் அது தெரியாமல் போகும்.

இப்படிக் காத்திருக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2016இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் எழுதிய முறை. பழைய மருந்தை நிறுத்தாமலே பியூப்ரினார்ஃபினை மிகச் சிறிய அளவில், 0.2 மில்லிகிராம் போன்ற அளவில் தொடங்கி, தினமும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டே போவது. ஏற்பிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறும், சட்டென்று விழுவது இருக்காது. போதிய அளவு வந்ததும் பழையதை நிறுத்திவிடுவார்கள். ஒரு வாரம் வாக்கில் ஆகும். மாத்திரையைத் துண்டு போடுவது, நாளுக்கு நாள் அளவு மாறுவது என்று கவனம் தேவைப்படுகிற வேலை, எனவே சொந்தக் கணக்கில் இறங்க வேண்டாம். "காத்திருந்து பார்த்தேன், முடியவில்லை" என்று சிகிச்சையையே கைவிட்டவர்கள் இந்த முறையைப் பற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். என் கூடவே சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் முந்தைய முயற்சிகள் பலவற்றில் பாதியிலேயே எழுந்து போனவர். கடைசியில் இந்த வழியில்தான் உள்ளே வந்தார்.

மார்ச் 5, இரவு

தூக்க மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு. டயஸிபாம், அல்பிரஸோலம் வகையும் மதுவும் ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். பியூப்ரினார்ஃபின் தனியாக இருக்கும்போது மூச்சைக் குறைப்பதில் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. இவை சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆனால் ஏற்கெனவே நீண்ட காலம் தூக்க மாத்திரை எடுக்கிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதையும் மறைக்காமல் சொல்லி, இரண்டையும் சேர்த்தே திட்டமிடச் சொல்லுங்கள். மறைப்பவர்கள் பயத்தில்தான் மறைக்கிறார்கள், சொன்னால் சிகிச்சை கிடைக்காது என்று. அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதுதான் இன்றைய நிலைப்பாடு.

மார்ச் 6

இப்போது இரண்டாவது கேள்வி. ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வதா?

என் அப்பாவும் இதையேதான் சொன்னார். "மாத்திரையை விடத்தானே போனாய், மாத்திரையோடு வந்திருக்கிறாயே." அவருக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சில மாதம் கழித்து என் நாள் எப்படிப் போகிறது என்று அவரே பார்த்தார். முன்பெல்லாம் எழுந்ததும் முதல் நினைப்பு, இன்றைக்கு எத்தனை இருக்கிறது, எங்கே வாங்குவது, யாரிடம் பொய் சொல்வது. இப்போது காலையில் ஒரு மாத்திரை, அப்புறம் வேலை. உடம்பு ஒரு மருந்துக்குப் பழகியிருக்கிறது என்பது உண்மை, அதை மறுக்கவே மாட்டேன். நிறுத்தினால் எனக்கு வித்ட்ராயல் வரும். ஆனால் அந்த மருந்துக்காக நான் எதையும் விற்பதில்லை, யாரையும் ஏமாற்றுவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் இல்லை. இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை.

என் கதையை நம்ப வேண்டாம், ஆய்வைப் பாருங்கள். 2003இல் ஸ்வீடனில் ஹெராயினுக்கு அடிமையான 40 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 20 பேருக்குத் தினமும் 16 மில்லிகிராம் பியூப்ரினார்ஃபின், ஒரு வருடம். மற்ற 20 பேருக்கு 6 நாளில் இறக்கிவிட்டு, அப்புறம் மருந்தில்லாத போலி மாத்திரை. இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி தீவிரமான ஆலோசனை கொடுத்தார்கள், கவனியுங்கள். வருட முடிவில் மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மற்றக் குழுவில் ஒருவர்கூட இல்லை. அந்த 20 பேரில் 4 பேர் இறந்துபோயிருந்தார்கள். மனவுறுதி இருந்தால் போதும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த 4 பேர் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் ஆலோசனை கிடைத்தது, அவர்களும் விடத்தான் வந்தார்கள்.

பிரான்சில் 1990களின் நடுவில் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே பியூப்ரினார்ஃபின் எழுதலாம் என்று அனுமதித்தார்கள். 1995க்கும் 1999க்கும் இடையில் அங்கே அளவு மீறி இறந்தவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம், மெத்தடோனும் அப்போது பெருகியது. இருந்தாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெத்தடோனையும் பியூப்ரினார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

மார்ச் 10

தம்பி தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். முதல் நாள் நல்லபடியாகப் போனது, இரண்டாம் நாள் பின்னிரவில் மறுபடி கால் இழுக்கிறது, வியர்க்கிறது, "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல, அக்கா" என்கிறார்.

அளவு போதவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். முதல் நாள் 4, அப்புறம் இன்னும் 4 என்று மொத்தம் 8 மில்லிகிராமோடு பலருக்கும் முடியும். அடுத்த நாளே தேவைக்கு ஏற்றபடி கூட்டுவார்கள். நிறையப் பேருக்கு 16 வாக்கில் அடங்கும், சிலருக்கு 24 தேவைப்படும். 24 மணி நேரமும் வித்ட்ராயல் இல்லாமலும் ஏக்கம் இல்லாமலும் இருக்க வேண்டும், அதுதான் சரியான அளவின் அடையாளம். விடியற்காலையில் மட்டும் தொல்லை என்றால் மொத்த அளவையே காலை, மாலை என்று பிரித்து எடுக்கவும் சொல்வார்கள்.

குறைந்த அளவில் இருந்தால் நல்லது, சீக்கிரம் விட்டுவிடலாம் என்று நோயாளியும் நினைப்பார், சில டாக்டர்களும் நினைப்பார்கள். போதாத அளவில் இருப்பவர்தான் பழைய மருந்தை மேலே சேர்த்துக்கொள்கிறார். இன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அடுத்த சந்திப்புவரை பொறுக்க வேண்டாம்.

மார்ச் 10, சற்றுக் கழித்து

மலச்சிக்கல் வரும். பலருக்கும் வருகிறது, யாரும் சொல்வதில்லை. முதல் வாரத்திலேயே மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலைவலி, வியர்வை, தூக்கம் கலைவது இவையும் உண்டு, பெரும்பாலும் சில வாரத்தில் தணியும். எனக்கு வியர்வை மட்டும் போகவே இல்லை.

மார்ச் 14

மெத்தடோன் நல்லதா, இது நல்லதா என்று கணவருக்காக ஒருவர் கேட்டிருக்கிறார். நான் மெத்தடோன் எடுத்ததில்லை. கூட இருந்தவர்களைப் பார்த்ததும் படித்ததும் வைத்துச் சொல்கிறேன்.

1965இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 22 பேருக்கு மெத்தடோன் கொடுத்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தச் சிகிச்சை முறையே வளர்ந்தது. அது ஏற்பியை முழுமையாகத் தூண்டும் மருந்து. எனவே தொடங்க வித்ட்ராயல் முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தள்ளிவிடும் பிரச்சினை இல்லை. மிக அதிக அளவு எடுத்துப் பழகியவர்களுக்கும் பியூப்ரினார்ஃபினில் அடங்காதவர்களுக்கும் அது கைகொடுக்கும். சிகிச்சையில் ஆளை நீண்ட நாள் பிடித்து வைப்பதில் மெத்தடோன் கொஞ்சம் முன்னே நிற்கிறது.

ஆனால் அதன் தொடக்கம்தான் ஆபத்தான பகுதி. முதல் வேளை பெரும்பாலும் 30 மில்லிகிராமைத் தாண்டாது. அது போதாது என்று தோன்றும். இன்றைய அளவு நாளையும் உடம்பில் மிச்சம் இருக்கும், மறுநாள் அதன்மேல் இன்னொன்று சேரும். அதே அளவை எடுத்தாலும் 4, 5 நாளுக்கு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். முதல் நாள் போதாததாக இருந்த அளவு நான்காம் நாள் மூச்சை நிறுத்தலாம். "மெதுவாகத்தான் ஏற்றுவேன்" என்று டாக்டர் பிடிவாதம் பிடித்தால் அவர் சொல்வதே சரி. மெத்தடோன் தொடங்கிய முதல் 4 வாரம் கூடுதல் கவனம் வேண்டிய காலம் என்று 2017இல் வந்த பெரிய தொகுப்பாய்வும் சொல்கிறது. அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும்: பகலில் எழுப்ப முடியாத தூக்கம், வினோதமான குறட்டை, உதடு நீலமாவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை அது மாற்றக்கூடும் என்பதால் ஈசிஜி எடுக்கச் சொல்வார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் இவையெல்லாம் மெத்தடோனை வேகமாக உடைத்துவிடும். கணவர் எடுக்கும் மற்ற மருந்துகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால், எந்த மருந்தானாலும் பூட்டு போட்ட பெட்டியில்தான். பெரியவருக்கு ஒரு நாளைக்கான மெத்தடோன் ஒரு குழந்தையைக் கொல்லப் போதும்.

மார்ச் 15

நால்ட்ரெக்ஸோன் ஊசியை ஏன் யாரும் சொல்லவில்லை என்கிறார் ஒருவர். சரியான கேள்வி. அது ஓபியாய்டு இல்லை, ஏற்பியை அடைத்துவிடும், பழகிப்போவதும் இல்லை. எனக்கும் ஒரு காலத்தில் அதுதான் சுத்தமான வழி என்று தோன்றியது. சிக்கல் என்னவென்றால், தொடங்க 7 முதல் 10 நாள்வரை எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் பலர் விழுகிறார்கள். 2018இல் அமெரிக்காவில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், பியூப்ரினார்ஃபின் குழுவில் 94 சதவீதம் பேர் தொடங்க முடிந்தது, நால்ட்ரெக்ஸோன் குழுவில் 72 சதவீதம் பேர்தான் தொடங்கினார்கள். தொடங்கியவர்களிடையே இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. ஏற்கெனவே சில வாரமாக மருந்தில்லாமல் இருப்பவருக்கு அது பொருந்தலாம். இன்றைக்கு மாத்திரை எடுத்துவிட்டு நாளைக்கு விட நினைக்கிறவருக்கு அது முதல் படி ஆகாது.

மார்ச் 22

"எப்போது நிறுத்தலாம்?"

இந்த ஒரு கேள்விக்கு நான் எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

முதல் முறை எனக்குக் கிடைத்த டாக்டர், உடம்பு நிலைக்கு வந்த சில வாரத்திலேயே "இனி தேவையில்லை" என்று வேகமாக இறக்கினார். நான் கெஞ்சவில்லை, சந்தோஷப்பட்டேன். வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். மருந்து நின்ற பிறகு தூக்கம் போனது, எதிலும் ருசி இல்லை, மழைக்காலம் முடிவதற்குள் பழைய இடத்துக்கே போய்விட்டேன். போன அன்றைக்கு நான் எடுத்தது, முன்பு சாதாரணமாக எடுத்த அதே அளவு. உடம்புக்கு அந்தப் பழக்கம் போயிருந்தது. என் தங்கை அறைக்குள் வந்து பார்த்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாங்கும் சக்தி சில நாளிலேயே குறைந்துவிடும். சிகிச்சையை நிறுத்தியவர்கள், சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள், மருந்தில்லா மையத்திலிருந்து திரும்பியவர்கள் இறப்பது பெரும்பாலும் முதல் சில வாரத்தில்தான். மேலே சொன்ன அதே 2017 ஆய்வில், மெத்தடோன் சிகிச்சையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் வெளியேறியவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். பியூப்ரினார்ஃபினில் பாதிக்கும் குறைவு.

அதனால் என் பதில்: தேதி வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். வேலை, வீடு, தூக்கம், கூட இருக்கும் மனிதர்கள் எல்லாம் ஒரு நிலைக்கு வந்து, நீங்களாக விரும்பினால், மாதக்கணக்கில் மெல்ல இறக்கலாம். இறக்கும்போது தடுமாறினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் வருடக்கணக்கில் தொடரலாம், அதற்கு மேல் வரம்பு எதுவும் இல்லை. தினமும் மாத்திரை என்பதே பாரமாக இருந்தால் மாதம் ஒருமுறை போடும் பியூப்ரினார்ஃபின் ஊசியும் இருக்கிறது, கிடைக்கிற இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். அளவு மீறி மூச்சு மந்தமானால் கொடுக்க நாலாக்ஸோன் மூக்குத் தெளிப்பானோ ஊசியோ வீட்டில் இருக்கட்டும், எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கொடுத்ததும் ஆள் விழித்துவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. நாலாக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் வேலை செய்யும், உள்ளே இருக்கும் மருந்து அதற்குப் பிறகும் இருக்கலாம். அவசர உதவியைக் கூப்பிட்டுவிட்டுக் கூடவே இருங்கள்.

மார்ச் 23

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஓர் அம்மா, மகன் மறுபடி எடுத்துவிட்டான், சிகிச்சையிலிருந்து நீக்கிவிடுவார்களா என்று கேட்கிறார். நீக்கக் கூடாது. அம்மா, ஒருமுறை எடுத்தது அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி. சிகிச்சையை நிறுத்த அது காரணமாகாது. அந்தக் கிளினிக் நீக்கினால் வேறு இடம் தேடுங்கள், இடையில் மருந்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனிடம் கோபத்தை அப்புறம் காட்டலாம்.

ஏப்ரல் 6

தம்பிக்கு இப்போது 16 மில்லிகிராமில் நிற்கிறது, தூங்குகிறாராம். இடுப்பில் வைத்த தகட்டை எடுக்க அறுவை சிகிச்சை வருகிறது, அதற்கு முன்னால் பியூப்ரினார்ஃபினை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

முன்பெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள், வலி மருந்து வேலை செய்யாது என்ற பயத்தில். இப்போது பெரும்பாலும் தொடரத்தான் சொல்கிறார்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்குவதே பெரிய வேலை, அதுவும் வலியோடும் கையில் வலி மருந்தோடும். பியூப்ரினார்ஃபினுக்கே வலியைக் குறைக்கும் குணம் உண்டு, ஆனால் அந்தக் குணம் 6 முதல் 8 மணி நேரம்தான் நிற்கும். எனவே ஒரு நாளின் அளவை மூன்று நான்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். மேலே நரம்பை மரக்கவைக்கும் ஊசி, சாதாரண வலி மருந்துகள், தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் கண்காணிப்போடு வேறு ஓபியாய்டும் சேர்ப்பார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், அறுவை அன்று காலையில் சொல்ல வேண்டாம். அவர் நிறுத்தச் சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் உங்கள் சிகிச்சை டாக்டரின் எண்ணைக் கொடுத்து இருவரையும் பேசவையுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஓபியாய்டு மாத்திரை கொடுத்தால், எத்தனை நாளுக்கு என்று கேட்டு எழுதி வாங்கி, அதைத் தங்கையிடமோ அம்மாவிடமோ கொடுத்து வைத்து வேளைக்கு வேளை வாங்கிக்கொள்ளுங்கள்.